இயற்றியவர் தெரியவில்லையாம்

கேசட்டின் அட்டையில், சேகரித்தவரின் பெரிய பெயருக்குக் கீழே, மூன்று வரி அச்சிட்டிருந்தார்கள். "சேர்வராயன் மலைப் பெண்களின் மகிழ்ச்சிப் பாடல். இயற்றியவர் தெரியவில்லை. கடைசிச் சரணம் காலப்போக்கில் மறைந்துவிட்டது." மூன்றும் பொய். அது மகிழ்ச்சிப் பாட்டே இல்லை. கடைசிச் சரணம் எங்கேயும் மறைந்து போகவில்லை. இயற்றியவர் என் மாமியார். அந்த அட்டையை வீட்டு வாசலில் நின்று நான் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளே அடுப்படியில் நின்று, நான் வைத்த ரசத்தில் உப்பு அதிகம் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடம் கழிந்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறப்போடு என்கிறார் என் வீட்டுக்காரர். ஆறப்போட அது என்ன சோறா? அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. அவர் அம்மாவின் பாட்டு, அவருடைய அண்ணனின் பாட்டு. அண்ணன் எப்படி வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மலையில் பிறந்தவள் இல்லை. சேலத்தில் பிறந்து பத்தாவது வரை படித்தவள். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டுக்கு வந்தேன். வரிசையாக ஒரே கூரையின் கீழ் கட்டிய ஒற்றை அறை வீடுகள். எங்களுடையது கடைசி லைனில் இருந்தது. மாமனார் அப்போதே இல்லை. வீட்டுக்காரர் எஸ்டேட் ஜீப் ஓட்டினார். அத்தை பழம் பறிக்கப் போனார். வந்த கொஞ்ச நாளிலேயே நானும் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

அத்தையை வாயில்லாப் பூச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேஸ்திரிகூட அவரிடம் எதையும் யோசித்துத்தான் சொல்வார். எக்குத்தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால் மத்தியானச் சோற்றுக்குள் அவர் தொப்பையைப் பற்றி ஒரு பாட்டுப் பிறந்துவிடும். நான் வந்த புதிதில் என்னைப் பற்றியும் ஒன்று கட்டினார்.

"சேலத்து மருமவளுக்குச்
செம்பு நெறயத் தண்ணி தந்தேன்
களியக் கிண்டச் சொன்னேனுங்க
கஞ்சி காய்ச்சி வெச்சாளுங்க."

நிரை முழுவதும் சிரித்தது. நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதற்கும் மறுநாள் ஒரு அடி சேர்த்துவிட்டார்.

நிரை என்றால் பழம் பறிக்கிறவர்கள் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு வரிசையாக நின்று மேலேறிப் போவது. ஒருவர் பாட்டை எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஆனால் எந்தப் பாட்டையும் சும்மா எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு பாட்டும் ஒருவருடையது. காலையில் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். "ஏனுங்கக்கா, இன்னைக்கு உங்க பாட்டை எடுத்துக்கட்டுங்களா?" அவர் "எடுத்துக்க கண்ணு" என்று சொன்னால்தான் பாடலாம்.

பாட்டின் கடைசியில் ஊட்டடி என்று ஒன்று வரும். கட்டியவர் எந்த ஊட்டுக்காரி, எதற்காக இந்தப் பாட்டைக் கட்டினார் என்பதை அவரே சொல்லிக்கொள்ளும் அடி. அவர் உயிரோடு இருக்கும்வரை அதை அவர் மட்டும்தான் பாடலாம். மற்றவர்கள் அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் வேலைக்கு வராவிட்டால் பாட்டு அங்கேயே நின்றுவிடும். கொஞ்ச நேரம் பழம் கூடையில் விழும் சத்தம் மட்டும் கேட்கும், அப்புறம் வேறு பாட்டு. அவர் இறந்துபோனால் அடுத்த பறிப்பின் முதல் நாளில் நிரை மொத்தமும் சேர்ந்து அவருடைய ஊட்டடியைப் பாடும். அதற்குப் பிறகு அது எல்லோருக்கும் பொது. ஆகவே உயிரோடு இருக்கிறவரின் ஊட்டடியை இன்னொருத்தி பாடுவது அவருடைய போட்டோவுக்கு மாலை போடுவதற்குச் சமம்.

இது எங்கள் எஸ்டேட்டில் மட்டும் இருந்த வழக்கம் இல்லை. எங்கள் லைனிலிருந்து வாழவந்திக்கும் மஞ்சக்குட்டைக்கும் கட்டிக்கொடுத்த பெண்கள் அத்தையின் பாட்டை அங்கே கொண்டுபோய்ப் பாடினார்கள். கேட்பதற்கு அத்தை பக்கத்தில் இல்லையே என்று, இந்தத் திசையைப் பார்த்து ஒரு தரம் கேட்டுவிட்டுப் பாடுவார்களாம். ஊட்டடி வரும்போது அங்கேயும் நிறுத்திவிடுவார்கள்.

அத்தையின் பாட்டுகளில் பெரியது காப்பிப் பாட்டு. அதுதான் கேசட்டில் வந்தது.

"காப்பிப் பழம் செவந்திருக்க
கைவெரலும் செவந்திருக்க
கூப்புடுற சத்தம் ஒண்ணு
குன்று தாண்டிக் கேக்குதய்யா
வாரேன்னு சொல்லிப் போட்டேன்
கூடை இன்னும் நெறயலியே."

கூப்பிடுவது யார் என்று பாட்டில் எங்கேயும் வராது. ஊட்டடியில்தான் வரும். நான் வந்த முதல் வருடம், கார்த்திகை மாத மழையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தபோது அத்தை வாயால் கேட்டேன். எல்லோரும் நிறுத்திக்கொள்ள, அவர் மட்டும் தனியாகப் பாடினார்.

"கடசி லைனு ஊட்டுக்குள்ள
கட்டிவெச்ச தூளியில
பேரு வெக்காப் புள்ள ஒண்ணு
பெத்தவளக் கூப்புட்டுச்சு."

அவருக்கு மூத்தது ஒரு பையன். என் வீட்டுக்காரர் பிறப்பதற்கு முன்னால் பிறந்தவன். பெயர் வைப்பதற்குள் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சொல்லியிருக்கிறார். கூலிக் கணக்கு எழுத அப்போதிருந்த ரைட்டர், கூடை நிறைந்ததும் போகலாம் என்றாராம். கூடை நிறைந்தது, அத்தை போனார், தூளி ஆடாமல் கிடந்தது. நிரையில் மூத்தவர்கள் சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். அத்தை இதை யாரிடமும் உட்கார்ந்து கதையாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை. அந்த நாலு அடியில் சொன்னதோடு சரி. அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் இருந்தது என்பதற்கு வேறு ஒன்றும் கிடையாது. பெயரில்லை, போட்டோ இல்லை. புதைத்த இடத்தில் எஸ்டேட்காரர்கள் சில்வர் ஓக் நட்டுவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கீழேயிருந்து ஒருவர் வந்தார். நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிப்பவர் என்றார்கள். கண்ணாடி, தோளில் பை, கையில் டேப் ரெக்கார்டர். நான் அப்போது வேலைக்குப் போவதில்லை. வீட்டுக்காரரும் நானும் ஏரிக்கரையில் ஒரு டீக்கடை போட்டிருந்தோம். நடந்ததையெல்லாம் பிறகு நிரைப் பெண்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எஸ்டேட் ரைட்டர் பார்க்க லட்சணமாக இருக்கும் இளம் பெண்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். நல்ல சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அத்தையைக் களத்துக்கு அனுப்பிவிட்டார், காயப்போட்ட காப்பியைக் கிளறிவிட. பாட்டுச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் அந்தக் களம்.

அந்தப் பெண்கள் வழக்கத்தை விடவில்லை. காலையிலேயே அத்தையிடம் கேட்டிருக்கிறார்கள். அவரும் எடுத்துக்கங்க என்று சொல்லியிருக்கிறார். மிஷினில் பிடிக்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பாடினார்கள். ஊட்டடி வந்ததும் நிறுத்தினார்கள். சேகரிக்க வந்தவர், "அவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறார்.

"இதுக்கு மேல நாங்க பாடக்கூடாதுங்க."

"ஏன், மறந்துவிட்டதா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஏன் பாடக்கூடாது என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். பாட்டுக்காரர் களத்தில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை இவர்கள் சொல்லியிருக்கலாம். இவர்கள்மேலும் எனக்குக் கோபம் வந்தது. கேசட் வந்த பிறகு நேரில் போய் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்புள்ள, கூப்புட்டா ஓடியாந்திருப்பாங்கல்ல? சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"அவரு கேக்கலீங்கக்கா. கேக்காம எப்படீங்க சொல்றது, ரைட்டர் வேற பக்கத்துல நிக்கறாரு. நாங்க மரியாதையா நிறுத்திப்போட்டோமுங்க."

மரியாதையாம். அந்த மரியாதைதான் என் மாமியாரின் பிள்ளையை இரண்டாம் தரம் கொன்றது. இதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கேசட் வந்திருப்பதே ஏரிக்கரையில்தான் எனக்குத் தெரிந்தது. சுற்றுலா வேன் ஒன்று கடைக்கு எதிரே வந்து நின்றது. உள்ளே காப்பிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தைப் பாட்டு வேனில் வருகிறதே என்று பாய்லரை விட்டுவிட்டு ஓடினேன். கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அது எங்கள் பெண்களின் குரலே இல்லை. பட்டணத்துப் பாட்டுக்காரி ஒருத்தி கொஞ்சிக் கொஞ்சிப் பாடினாள். தபேலா, புல்லாங்குழல், நடுநடுவே விசில். "கூப்புடுற சத்தம் ஒண்ணு" என்று அவள் பாடினால் பின்னாலிருந்து நாலு ஆண்கள் "ஓய், ஓய்" என்றார்கள். வேனிலிருந்து இறங்கிய காலேஜ் பையன்கள் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டே அதற்கு ஆடினார்கள். தூளியில் அழுத பிள்ளைக்கு ஆடினார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுக்கு என்ன தெரியும். டிரைவரிடம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, அன்றைக்கே கடைத்தெருவில் ஒன்று வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

அத்தை கேசட்டை முழுவதும் கேட்டார். பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டர். ரசத்துக் கரண்டி கையிலேயே இருந்தது.

"அது என்ன புள்ள நடுவால விசிலு?"

"சந்தோசப் பாட்டாமுங்க அத்தை."

 நான் அட்டையை வாசித்துக் காட்டினேன். இயற்றியவர் தெரியவில்லை என்றபோது வாய்க்குள் ஏதோ சொல்லித் திட்டினார். கடைசிச் சரணம் மறைந்துவிட்டது என்றதும் கரண்டியைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

நான் விடவில்லை. சேலத்துக்குப் போவோம், அந்த ஆளைப் பிடிப்போம், நீங்கள் ஊட்டடியைப் பாடுங்கள், அதையும் சேர்த்துப் போடச் சொல்வோம் என்றேன். அவர் முடியாது என்றார்.

"மிசினு அதைப் பாடுனா நான் செத்ததுக்குச் சமானம். வேனுக்கு வேனு என்ர ஊட்டடிய வெச்சு ஓட்டுவானுங்க. நான் இங்க உசுரோட குந்தி கேட்டுக்கிட்டு இருக்கோணுமா?"

"இப்ப மட்டும் என்னங்க வாழுது? நீங்க இல்லைன்னே அச்சடிச்சுப் போட்டானுங்களே."

"வழக்கத்தை விட்டுப்போட்டு எனக்குப் பேரு வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாமுங்க. அந்தப் புள்ளைக்கு?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஊரில் யாராவது சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டார். பொங்கல் கழியும்வரை எங்களுக்குள் பேச்சு இல்லை. எதையும் என் வீட்டுக்காரர் மூலமாகத்தான் சொல்லிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் நடுவில் அவர் பாடு திண்டாட்டம்.

அந்தக் கோடையில் ஏரிக்கரையில் மேடை போட்டார்கள். "மலைப்பாட்டின் முன்னோடிகளுக்கு மரியாதை" என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். எங்கள் கடையிலிருந்து பார்த்தாலே தெரியும். முன்னோடிகள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். பாட்டைச் சேகரித்தவருக்கு ஒரு சால்வை. கேசட் போட்ட முதலாளிக்கு ஒரு சால்வை. தபேலாக்காரருக்கு ஒன்று. டேப் பிடிக்க அனுமதி கொடுத்தாரே என்று எஸ்டேட் ரைட்டருக்கும் ஒன்று. மலையில் பழம் பறித்த ஒருத்திக்கும் கிடையாது. நிரைப் பெண்களை எஸ்டேட் லாரியில் ஏற்றிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், கை தட்ட. அத்தை வரவில்லை.

கூட்டம் முடிந்து சேகரித்தவர் டீ குடிக்க எங்கள் கடைக்கே வந்தார். சால்வை தோளில் இருந்தது. நான் டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, காப்பிப் பாட்டு யாருதுன்னு தெரியாதுன்னு போட்டிருக்கீங்களே, யாரைக் கேட்டீங்க?"

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். "நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் என்று ஒருவர் இருக்க மாட்டாரம்மா. அது மக்களுடையது."

"மக்களுடையதுன்னா அட்டையில உங்க பேரு மட்டும் எதுக்குங்க அத்தனை பெருசா?"

டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் நல்லபடியாகவே சொன்னார், கட்டியவர் உயிரோடு இருந்தால் கூட்டி வாருங்கள், பதிவு செய்துகொள்கிறோம். அவர் மிஷினில் பாட மாட்டார் என்றேன். அப்படியானால் கடைசிச் சரணம் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சொல்லுங்கள், அடுத்த தடவை சேர்த்துவிடுகிறேன்."

என் வாயில் அந்த நாலு அடியும் வந்து நின்றது. சொல்ல முடியவில்லை. மலையில் பிறக்காதவள், பத்தாவது படித்தவள், வழக்கமாவது ஒன்றாவது என்று அத்தையோடு அத்தனை சண்டை போட்டவள். களத்துக்கு அந்தப் பக்கம் நின்று அந்தப் பெண்கள் எப்படி வாயை மூடினார்களோ அப்படியே மூடிக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளாஸ் ஒன்று உடைந்தது.

வீட்டுக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சால்வைகளைச் சொன்னேன். ரைட்டருக்கும் ஒன்று என்றபோது, "அவனுக்குமா?" என்று கேட்டார். அப்புறம் கேட்டார்:

"அந்தாளு கேட்டப்ப ஊட்டடியச் சொன்னியா?"

"இல்லீங்க."

"ஏன், உனக்குத்தான் வழக்கம் ஆகாதே?"

"நீங்க குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப அதை நான் எப்படீங்க சொல்றது? வாய் வரலீங்க."

 திட்டுவார் என்று நினைத்தேன். "நீயும் அதுகளாட்டத்தானா," என்று மட்டும் சொன்னார்.

கேசட்டை அவர்கள் திருத்தவில்லை. அட்டை மாறி, படம் மாறி மறுபடியும் வந்தது, அந்த மூன்று பொய்யும் அப்படியே இருந்தன. தொண்ணூறுகளிலும் மலைக்கு வரும் வேன்களில் அதைக் கேட்டிருக்கிறேன். விசில் சத்தம் கேட்டதும் பாய்லரைச் சத்தமாகத் திறந்துவிடுவேன்.

சால்வை போட்ட அந்த வருடமே, பறிப்புத் தொடங்கியபோது கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நானும் கூடை எடுத்தேன். நல்ல பனி. பக்கத்துச் செடி தெரியாது, குரல்தான் கேட்கும். காலையில் ஒருத்தி வந்து, வழக்கம்போல, காப்பிப் பாட்டை எடுத்துக்கட்டுங்களா என்று அத்தையிடம் கேட்டாள். நான் திட்டி அழவைத்த அதே பெண்.

"வேண்டாம் சாமி. இன்னைக்கு நானே எடுக்கறேன்."

எடுத்தார். காப்பிப் பழம் சிவந்திருக்க என்று தொடங்குவார் என்று எல்லோரும் வாங்கிப் பாடத் தயாராக இருந்தோம். அவர் கடைசி லைன் ஊட்டுக்குள்ளே என்று தொடங்கினார். ஊட்டடியைத் தூக்கிப் பாட்டின் தலையில் வைத்துவிட்டார். நாலு அடியும் பாடி முடித்து, நாங்கள் வாங்குவதற்காக நிறுத்தினார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பழம் விழும் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் மறுபடியும் முதலிலிருந்து பாடினார், மறுபடியும் நிறுத்தினார்.

"வேண்டாமுங்கக்கா," என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல். "நீங்க நொம்ப நாளைக்கு நல்லா இருக்கோணும். நாங்க அதைப் பாட மாட்டோமுங்க."

"என்ர பாட்டு. நான் எடுத்துக்கன்னு சொல்றேன். இனிமேலிக்கு இதுதான் மொத அடி. இதைப் பாடாம எவளும் பாட்டுக்குள்ள போவக்கூடாது."

"அபசகுனமுங்க."

"எது அபசகுனம்? நீங்க வாயை மூடுனதுக்குத்தாண்டி அவன் ஆளே இல்லைன்னு எழுதுனான். நான் போற வரைக்கும் பொத்தி வெச்சீங்கன்னா என்ர புள்ளைக்கு விசிலடிச்சுப்போட்டுப் போயிட்டே இருப்பானுங்க. நான் செத்ததுக்கப்புறம் நீங்க பாடி எனக்கு என்னத்துக்கு ஆவுது?"

 எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒருவரைக் காட்டத் தெரியாது. கடைசி லைன் ஊட்டுக்குள்ளே என்று நான் வாங்கிப் பாடினேன். கஞ்சி காய்ச்சிய குரல், அதற்கு ராகமும் கிடையாது. இரண்டாவது அடியில் பக்கத்து வரிசையில் ஒருத்தி சேர்ந்தாள். பேரு வெக்காப் புள்ள என்று வரும்போது பாதி நிரை பாடிக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்குக் குரல் நடுங்கியது, செத்தவர்களுக்குப் பாடுகிற ஊட்டடியை எதிரே நிற்கிறவருக்குப் பாடுகிறோமே என்று.

அத்தை பறிப்பதை நிறுத்திவிட்டு, செடியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் கூடையைச் சரிசெய்து கட்டிக்கொண்டார்.

"என்னங்கடி முணுமுணுக்கறீங்க, நான் இன்னும் சாவலை. சத்தமாப் பாடுங்க."